பெயிண்ட் காயும் நேரம்

உலர் டாக்கில் தண்ணீர் இறங்க இறங்க முதலில் வருவது நாற்றம். பம்புகள் ஓட ஓடக் கப்பல் கட்டைகளின்மேல் உட்காரும். பக்கவாட்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரியும். வெயில் பட்டதும், செத்துக்கொண்டிருக்கும் பாசியும் சிப்பியும் நாற ஆரம்பிக்கும். மூக்கை வைத்தே அடியில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று சொல்லிவிடும் ஃபோர்மேன்கள் சிங்கப்பூர் யார்டுகளில் உண்டு. “இது ரொம்ப நாள் நங்கூரத்துல கெடந்த கப்பல் தம்பி” என்பார்கள். லாக் புத்தகத்தைப் புரட்டினால் அப்படித்தான் இருக்கும்.

நான் பெயிண்ட் கம்பெனி இன்ஸ்பெக்டர். கப்பலின் அடிப்பாகத்துக்கு எங்கள் பெயிண்ட் ஒழுங்காக அடிக்கப்படுகிறதா என்று பார்த்து, அளந்து, எழுதி, கையெழுத்துப் போடுவது என் வேலை. ஊர் தூத்துக்குடி. பிழைப்பில் பெரும்பகுதி ஜூரோங், துவாஸ், செம்பவாங் யார்டுகளில். அங்கே மணலடிப்பவர்களிலும் பெயிண்ட் அடிப்பவர்களிலும் நம் ஆட்கள் நிறைய. புதுக்கோட்டை, சிவகங்கை, பட்டுக்கோட்டை, மன்னார்குடி என்று ஊர்ப்பேச்சு டாக் தரையில் கேட்டுக்கொண்டே இருக்கும். உலகத்துக் கப்பல்களுக்கு மிச்சமாகும் எண்ணெயில் அவர்கள் கைக்கு ஒரு பங்குண்டு. அது எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் வராது.

தண்ணீர் இறங்கியதும் பூட்ஸை மாட்டிக்கொண்டு உடனே இறங்கிவிட வேண்டும். அழுத்தக் குழாயோடு கழுவும் ஆட்கள் வருவதற்குள் கப்பலைச் சுற்றி ஒரு நடை. அந்த நடையில் கப்பல் தன் கதை முழுவதையும் சொல்லிவிடும். நீர்மட்டக் கோட்டை ஒட்டிப் பச்சைப் பாசி தொங்கும்; வெளிச்சம் அங்கேதான் கிடைக்கிறது. அதற்குக் கீழே பக்கவாட்டில் பழுப்பு நிறத்தில் வழவழப்பு. குனிந்து அடித்தட்டுக்குள் போனால் பாசி இராது, இருட்டில் அது வளராது. அங்கே பார்னக்கிள் எனப்படும் கொட்டலசுகளின் ராஜ்ஜியம். கடல் தண்ணீரை உள்ளே இழுக்கும் பெட்டிகளின் கம்பி வலைகளைக் கழற்றினால் பச்சைச் சிப்பி கொத்துக் கொத்தாக விழும். சுக்கான் இடுக்கு, முன்பக்க உந்துவிசிறியின் குழாய், துத்தநாகக் கட்டிகளின் பின்புறம் என்று தண்ணீர் வேகமாக ஓடாத இடமெல்லாம் இவற்றுக்கு வீடு.

அடித்தட்டில் இன்னொன்றும் தெரியும். சதுரம் சதுரமாக, கெட்டியாகக் கொட்டலசு அப்பிய திட்டுகள். போன தடவை கப்பல் உட்கார்ந்திருந்த கட்டைகளின் தடம் அது. கட்டை இருக்கும் இடத்தில் பெயிண்ட் அடிக்க முடியாது. அடுத்த டாக்கிங்கில் கட்டைகளை நகர்த்தி வைத்தால் அந்தச் சதுரங்களுக்கும் பெயிண்ட் கிடைக்கும். அதற்கென்று டாக்கிங் வரைபடத்திலேயே மாற்று இடங்கள் குறித்திருப்பார்கள். ஆனால் கட்டையை நகர்த்த நேரம் வேண்டும், ஆள் வேண்டும். முந்தைய கப்பலுக்கு வைத்த வரிசையிலேயே இதையும் உட்கார வைத்துவிடுவது யார்டுக்குச் சுலபம். ஐந்து வருடம், பத்து வருடம் பெயிண்ட்டே காணாத சதுரங்கள் உள்ள கப்பல்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொட்டலசைச் சிப்பி என்றே பலர் நினைக்கிறார்கள். அது இறால், நண்டு குடும்பத்தைச் சேர்ந்தது. குஞ்சாக இருக்கும்போது தண்ணீரில் நீந்தித் திரியும். உட்காரும் பருவம் வந்ததும் உணர்கொம்புகளால் பரப்பின்மேல் நடந்து பார்க்கும். பிடிக்காவிட்டால் கிளம்பிப் போய்விடும். பிடித்துவிட்டால் தலையைக் கீழே வைத்து ஒரு பசையைக் கசிந்து ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் சுண்ணாம்புத் தகடுகளால் கோட்டை கட்டும். மேலே திறப்பு வழியாகக் கால்களை வெளியே வீசி இரை பிடிக்கும். சாகும்வரை இடம் மாறாது. சுரண்டினால் மேல் ஓடு உடைந்து விழும், அடித்தகடு மட்டும் வெள்ளை வளையமாக இரும்பின்மேல் நிற்கும். அவசரக்காரர்கள் அதன்மேலேயே பெயிண்ட்டை அடித்துவிடுவார்கள். சுண்ணாம்புத் தகடு மேல் அடித்த பெயிண்ட்டுக்கு ஆயுசு கிடையாது. அதோடு அந்த மேட்டைத் தண்ணீர் உராய்ந்துகொண்டேதான் போகும். சொரசொரப்புக்கு உயிர் தேவையில்லை.

கொட்டலசைப் பார்த்துக் கவலைப்படும் கப்பல் முதலாளியின் சூப்பரின்டென்டென்ட், வழவழப்பைப் பார்த்தால் கையை வீசிவிடுவார். “அது வெறும் பாசி, கழுவினால் போய்விடும்.” கழுவினால் போகும், உண்மைதான். ஆனால் அது கழுவாமல் எத்தனை மாதம் கடலில் ஓடியது என்பதல்லவா கேள்வி? புதிதாகப் பெயிண்ட் அடித்த பரப்பு கடலில் இறங்கிய சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்கள் படியத் தொடங்கும். அந்தப் படலத்தில் விரலை வைத்து இழுத்தால் கோடு விழும், நகக்கண்ணில் பழுப்புச் சளி ஏறும். ஐஎம்ஓ எனப்படும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் குளோஃபவுலிங் திட்டம் வெளியிட்ட அறிக்கை, அரை மில்லிமீட்டர் கனமுள்ள இந்தச் சளி அடிப்பரப்பில் பாதியை மூடினாலே பசுங்குடில் வாயு வெளியீடு 25 முதல் 30 சதவீதம் வரை கூடலாம் என்கிறது. சின்னச் சின்னக் கொட்டலசும் குழாய்ப்புழுவும் லேசாகப் பிடித்த நடுத்தரக் கன்டெய்னர் கப்பலில் அது 55 சதவீதம்வரை போகலாம் என்றும் சொல்கிறது.

இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பெரிய சரக்குக் கப்பல்கள் மெதுவாக ஓடுபவை. அவற்றின் எஞ்சின் சக்தியில் பெரும்பங்கு அலையைப் பிளப்பதற்குப் போவதில்லை, தண்ணீரின் உராய்வுக்குத்தான் போகிறது. நாளுக்கு 30 டன் எண்ணெய் எரிக்கும் ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம். அடியில் பிடித்த அழுக்கால் பத்தே சதவீதம் கூடுகிறது என்று வைத்தால் நாளுக்கு 3 டன். வருடத்தில் 250 நாள் ஓடினால் 750 டன். ஒரு டன் கன எண்ணெய் எரிந்தால் 3.114 டன் கரியமில வாயு என்பது ஐஎம்ஓ வைத்திருக்கும் வாய்ப்பாடு. ஆக ஒரே கப்பலிலிருந்து வருடத்துக்கு 2,300 டன்னுக்கு மேல் வீண் புகை. 2018 கணக்குப்படி உலகில் மனிதர் வெளியேற்றும் பசுங்குடில் வாயுக்களில் கப்பல்களின் பங்கு ஏறக்குறைய 2.9 சதவீதம். அதில் இந்த வீண் புகையும் அடக்கம். அடியில் அழுக்குப் பிடித்தது சீஃப் எஞ்சினியர்களுக்கு மற்ற எவருக்கும் முன்பே தெரியும். எஞ்சினின் அதே சுழற்சியில் கப்பல் பழைய வேகம் போகாது. புகைப்போக்கிச் சூடு ஏறும். அவர்கள் மதிய ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். கரையில் யாரும் படிப்பதில்லை.

இந்தச் சண்டை பழையது. பிரிட்டிஷ் கடற்படை 1761-ல் ‘அலார்ம்’ என்ற மரக்கப்பலின் அடிக்குச் செம்புத் தகடு அடித்துச் சோதித்தது. செம்பு மெல்லக் கரைந்து, ஒட்ட வரும் உயிர்களுக்கு நஞ்சாகும். அறுபது வருடம் கழித்து, செம்பு வீணாகிறதே என்று கடற்படை ஹம்ஃப்ரி டேவியைக் கூப்பிட்டது. சுரங்க விளக்குக் கண்டுபிடித்த அதே டேவிதான். துத்தநாகத்தையோ இரும்பையோ செம்போடு சேர்த்து வைத்தால் செம்பு அரிக்காது என்று 1824-ல் காட்டினார். செம்பு அரிக்கவில்லை. கரையாத செம்பின்மேல் பாசியும் கொட்டலசும் நிம்மதியாகக் குடியேறின. எனக்குப் பிடித்த சரித்திரம் இதுதான். அன்று டேவிக்குத் தெரிந்தது இன்றைய பெயிண்ட் டப்பாவுக்கும் பொருந்தும்: கரையாத நஞ்சு காவல் காக்காது.

1970-களில் வந்த டிபிடி பெயிண்ட் இந்தக் கரைதலைக் கச்சிதமாகக் கணக்குப் பண்ணியது. டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மத்தைப் பெயிண்ட்டின் பிசினோடே பிணைத்துவிட்டார்கள். கடல்நீர் பட்டால் மேல்தோல் மட்டும் வேதிமாற்றம் அடைந்து குளியல் சோப்பு தேய்வதுபோலத் தேயும், கீழிருந்து புதுத்தோல் வரும். ஐந்து வருடம் அடி பளபளவென்றிருக்கும். பழைய ஆட்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது பெருமூச்சு விடுவார்கள். “அந்த மாதிரி பெயிண்ட் இனிமே வராது தம்பி” என்று என் முதல் ஃபோர்மேன், பட்டுக்கோட்டைக்காரர், அடிக்கடி சொல்வார்.

வரவே கூடாது என்பேன் நான். அதன் நஞ்சால் பிரான்ஸின் ஆர்க்கஷோன் வளைகுடாவில் சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை, வளர்ந்தவற்றின் ஓடு கோணலாகத் தடித்தது. பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்து இனப்பெருக்கம் நின்றது. கடல்நீரில் கண்டுபிடிக்கவே சிரமமான மிகச் சிறு அளவில் நடந்த கொடுமை அது. பிரான்ஸ் 1982-ல் சிறு படகுகளுக்கு இதைத் தடை செய்தது. ஐஎம்ஓ 2001-ல் உடன்படிக்கை போட்டு, அது 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2023-லிருந்து சைபியூட்ரின் என்ற இன்னொரு நஞ்சுக்கும் தடை. இப்போது பெரும்பாலான கப்பல்களில் அடிக்கப்படுவது செம்பு ஆக்ஸைடு கலந்த, தேயும் வகைப் பெயிண்ட்தான். கப்பல் அடி சிவப்பாக இருப்பதற்குப் பெரும்பாலும் அந்தச் செம்பு ஆக்ஸைடுதான் காரணம். துணைக்கு வேறு சில வேதிப்பொருள்கள் சேரும். அவற்றில் ஒன்று மெடெட்டோமிடின், கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் மயக்க மருந்து. கொட்டலசுக் குஞ்சுக்கு அது நேர்மாறாக வேலை செய்கிறது: காலை உதறிக்கொண்டே இருக்க வைத்து உட்கார விடாமல் விரட்டுகிறது. இதை யோசித்தவர்களுக்கு ஒரு சபாஷ்.

ஆனால் எவ்வளவு நல்ல பெயிண்ட் ஆனாலும் டப்பாவில் இருக்கும்வரை அது வெறும் சரக்கு. இரும்பின்மேல் அது பெயிண்ட்டாக மாறுவது டாக் தரையில், மழைக்கும் வாடகைக்கும் நடுவில். அந்த இடத்தில்தான் என் தொழில் இருக்கிறது. கப்பல்கள் எண்ணெயை வீணாக்குவது கடலில் என்றாலும், அந்த வீணின் பெரும்பகுதி டாக்கில் கடைசி இரண்டு மூன்று நாட்களில் தீர்மானிக்கப்படுகிறது என்பது என் துணிபு.

முதலில் கழுவுதல். ஒட்டியவை காய்வதற்குள் கழுவ வேண்டும். காய்ந்த கொட்டலசு இரும்போடு இரும்பாகிவிடும். பிறகு நல்ல தண்ணீரில் இன்னொரு கழுவல், உப்புக்காக. இரும்பில் உப்பு தங்கியிருந்தால் பெயிண்ட்டுக்கு அடியில் நீர் இழுத்துக் கொப்புளம் போடும். சின்ன ரப்பர் பட்டை ஒன்றை ஒட்டி, ஊசியால் தண்ணீர் ஏற்றி, இழுத்து, மின்கடத்தல் அளந்து பார்ப்போம். பிறகு மணலடி. மணல் என்று பெயரே தவிர, அடிப்பது செம்பு உருக்காலையின் கசடுத் துகள். பழைய பெயிண்ட் உரிந்து துரு தெரியும் இடங்களில் எஸ்ஏ இரண்டரை என்ற தரத்துக்கு, அதாவது இரும்பு கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும்வரை அடிக்க வேண்டும்.

சிங்கப்பூர் வெயிலில், தோல் உடையும் தலைக்கவசமும் மாட்டி, காற்றுக் குழாயில் மூச்சு விட்டுக்கொண்டு, உதறும் முனையைத் தோளில் அணைத்து மணிக்கணக்காக அடிப்பவனைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அடித்தட்டுக்குக் கீழே ஆள் நிமிர்ந்து நிற்க இடம் இராது. தலைக்கு மேலே இரும்பு, கையில் பெயிண்ட் துப்பாக்கி, கழுத்து எப்போதும் வானத்தைப் பார்த்தபடி. சாய்ந்து சாய்ந்து அடித்த பெயிண்ட் துளிகள் முகமூடிக் கண்ணாடியில் விழுந்து பார்வையை மறைக்கும். கால்பந்து மைதானங்கள் சிலவற்றின் பரப்பை அப்படித்தான் முடிக்கிறார்கள். பக்கவாட்டைத் தூக்குவண்டியில் நின்று அடிப்பது இதற்கு எவ்வளவோ மேல். அடித்தட்டில் பெயிண்ட் கனம் குறைவதற்குக் காரணம் கேட்டு முதலில் ஆளைத் திட்டும் அதிகாரிகள், ஒருமுறை அங்கே குனிந்து நடந்து பார்க்கலாம்.

அப்புறம் வானிலை. இரும்பின் வெப்பம் பனிப்புள்ளியைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின்மேல் பெயிண்ட் உட்காரும். சிங்கப்பூரில் மாலை மழை பெய்து ஓய்ந்த பிறகு இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே காய வேண்டிய நேரமும் உண்டு. அதற்கு ஒரு தொடக்கம், ஒரு முடிவு. துருத்தடுப்பு எபாக்ஸியின்மேல் கட்டைவிரலை அழுத்தினால் லேசாகப் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் பெயிண்ட் வரக் கூடாது. அந்த நிலையில்தான் அடுத்த பூச்சு ஏற வேண்டும். விட்டு இறுகிவிட்டால் மேல்பூச்சு பிடிக்காது. ஆறு மாதத்தில் பாளம் பாளமாக உரிந்து, வெறும் எபாக்ஸி தெரியும். எபாக்ஸியில் நஞ்சு கிடையாது. கொட்டலசுக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரிதான்.

ஒருமுறை ஒரு மொத்தச் சரக்குக் கப்பல். பேரைச் சொல்ல வேண்டாம். இரவு முழுக்க மழை. கடைசிப் பூச்சு இன்னும் பாக்கி. மறுநாள் உச்சி ஏற்றத்தில் கப்பலை வெளியே எடுத்தாக வேண்டும் என்று சூப்பரின்டென்டென்ட் நின்றார். ஃபோர்மேன் என் பக்கத்தில் வந்தார்.

“தம்பி, மீட்டர் என்ன சொல்லுது?”

“தொண்ணூத்தி ரெண்டுண்ணே.”

“அப்ப அடிக்கக் கூடாது.”

“அடிக்கச் சொல்றாரு.”

“சொல்லட்டும். நீ எழுதி வை. நாளைக்கு ஒட்டுனா அவரு பேரு, உரிஞ்சா நம்ம பேரு.”

அடித்தார்கள். ஈரப்பதத்தையும் நேரத்தையும் எழுதி, உத்தரவாதம் கிடையாது என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன். சூப்பரின்டென்டென்ட்டும் எதிர்க் கையெழுத்துப் போட்டார், சிரித்துக்கொண்டே. அவருக்கு என்ன நஷ்டம்? டாக்கில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் கப்பலுக்கு வாடகை வராது, யார்டுக்கு வாடகை கொடுக்க வேண்டும். ஒரு நாள் மிச்சப்படுத்தியவர் அவர்தான். உரிந்த அடியோடு மூன்று வருடம் கூடுதலாக எரியும் எண்ணெய்க்குப் பணம் கொடுப்பவர் வேறொருவர்.

இதுதான் விஷயத்தின் மையம். கப்பலை நாள் வாடகைக்கு விடும்போது, பெயிண்ட்டுக்கும் டாக்குக்கும் பணம் கொடுப்பவர் முதலாளி. எண்ணெய்க்குப் பணம் கொடுப்பவர் வாடகைக்கு எடுத்தவர். நல்ல பெயிண்ட் அடித்தால் செலவு ஒருவருக்கு, லாபம் இன்னொருவருக்கு. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்கிற கதை. வாடகைக்கு எடுத்தவரும் லேசுப்பட்டவரல்ல. வெப்ப மண்டலத் துறைமுகத்தில் சரக்குக்காக வாரக்கணக்கில் கப்பலை நிறுத்தி வைத்துவிட்டு, வேகம் குறைந்துவிட்டதென்று முதலாளிமேல் வழக்குப் போடுவார். குறித்த நாட்களுக்குமேல் நின்றால் அடியைச் சுத்தம் செய்வது வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு என்று பிம்கோ அமைப்பு 2013-லேயே ஒப்பந்தத்துக்கு ஒரு ஷரத்து எழுதித் தந்தது. அதற்குப் பிறகும் இந்தச் சண்டைகள் ஓயவில்லை.

நிற்கும் கப்பலைத்தான் கடல் தின்னும். தேயும் பெயிண்ட் தேய வேண்டுமானால் கப்பல் ஓட வேண்டும். 2020 கொரோனாவில் மணிலா வளைகுடாவில் வரிசையாக நின்ற பயணிகள் கப்பல்களைப் படத்தில் பார்த்தபோது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஒரே யோசனைதான், அடி எப்படி இருக்கும் என்று. கப்பல் எந்த வழியில் ஓடப் போகிறது, எங்கே எத்தனை நாள் நிற்கப் போகிறது என்று உண்மையாகச் சொன்னால் அதற்கேற்ற பெயிண்ட்டைக் கொடுக்க முடியும். சொல்வதில்லை, சொல்லவும் பல முதலாளிகளுக்குத் தெரியாது. கொஞ்சம் அதிர்ஷ்டம் உள்ள கப்பல்கள் ஹூக்ளியில் ஏறி ஹால்தியாவுக்கோ, பனாமாக் கால்வாயின் கட்டூன் ஏரிக்கோ போகும். உப்புக் குறைந்த நீரில் கடல் உயிர்கள் பல செத்துப்போகும். பாசி உதிரும். கொட்டலசின் ஓடு மட்டும் ஒட்டிக்கொண்டே வரும்.

சிலிக்கான் பெயிண்ட் பற்றிக் கேட்பார்கள். நஞ்சில்லாத வழுக்குப் பரப்பு. ஒட்டியது பிடி கொள்ளாமல் ஓட்டத்தில் கழன்றுவிடும். 1990-களின் கடைசியிலிருந்து பெரிய கப்பல்களுக்கு வந்துவிட்டது. நான் பார்த்தவரை, வேகமாகவும் நிற்காமலும் ஓடும் கன்டெய்னர், எரிவாயுக் கப்பல்களுக்கு இதைவிட நல்லது இல்லை. மெதுவாக ஓடி அடிக்கடி நிற்கும் கப்பலுக்கு முதலாளி கொடுக்கும் பணத்துக்கு ஈடு வராது. விலை பல மடங்கு. கயிறும் தடுப்பு டயரும் உரசினால் கிழியும். யார்டுக்கு இது பெரிய தலைவலி. சிலிக்கான் துளி காற்றில் பறந்து பக்கத்துக் கப்பலின் ஈரப் பெயிண்டில் விழுந்தால் மீன்கண் மாதிரிக் குழிகள் விழும். ஆகவே திரை கட்டி, தனிக் குழாய், தனித் துப்பாக்கி வைத்து அடிக்க வேண்டும்.

நீருக்குள்ளேயே சுத்தம் செய்வது இன்னொரு வழி. டைவர்கள் சுழலும் பிரஷ் வண்டியை அடியில் ஓட்டுவார்கள். அழுக்கு போகும், கூடவே பெயிண்ட்டின் நல்ல தோலும் போகும். சுரண்டிய செம்பும் முட்டை, குஞ்சுகளும் அந்தத் துறைமுகத் தண்ணீரிலேயே விழும். அதனால் பல துறைமுகங்கள் அனுமதிப்பதில்லை, அல்லது சுரண்டியதை உறிஞ்சிப் பிடிக்கும் கருவி கேட்கின்றன. சளி நிலையிலேயே மென்மையாகத் துடைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன. நார்வேயின் ஜோட்டன் 2020-ல் கப்பலோடேயே பயணம் செய்யும் காந்தச் சக்கர வண்டி ஒன்றைக் கொண்டுவந்தது. கொட்டலசு வரும்வரை காத்திருக்காமல் சளியிலேயே துடைப்பதுதான் சரியான வழி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதுவும் நன்றாகக் காய்ந்து இறுகிய பெயிண்ட்டின்மேல்தான் ஓட முடியும்.

எண்ணெயோடு முடிகிற விஷயமும் இல்லை. 1999-ல் ஆஸ்திரேலியாவின் டார்வின் படகுத்துறைகளில், உல்லாசப் படகுகளின் அடியில் வந்த கறுப்புக்கோட்டுச் சிப்பி பெருகியதும், துறைகளை மூடி, குளோரினும் செம்பு சல்ஃபேட்டும் கொட்டி ஒழித்தார்கள். நியூசிலாந்து 2018 மே முதல் சுத்தமான அடியோடு வரச் சொல்லிக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தின வருடமே டௌரங்காவுக்கு வந்த ஒரு சரக்குக் கப்பலை, அடியில் கொட்டலசும் குழாய்ப்புழுவும் அப்பியிருந்ததால் வெளியே அனுப்பியது. நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று சொல்லிச் சபிக்கும் சிப்பி தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. கப்பல்களின் நிறைநீரிலோ அடிப்பக்கத்திலோ வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சேற்றுத் தரையைப் பாய் விரித்தாற்போல் மூடி, இறாலுக்கும் மஞ்சள் மட்டிக்கும் இடமில்லாமல் செய்கிறது. அங்கே போயிருந்தபோது ஒரு மீனவப் பெரியவர் கேட்டார்: “நீங்க பெயிண்ட் அடிக்கிற கப்பல்தான ஐயா இதக் கொண்டாந்தது?” நான் பெயிண்ட் அடிக்காத கப்பல் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

2023-லிருந்து பெரிய கப்பல்கள் ஒவ்வொன்றுக்கும் கார்பன் தீவிரத்துக்கு ஏ முதல் இ வரை மதிப்பெண் கொடுக்கிறார்கள். மதிப்பெண் கப்பலின் பெயரில் ஒட்டிக்கொள்வதால், எண்ணெய்க்குப் பணம் கொடுக்காத முதலாளிகளும் இப்போது அடியைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். “எந்தப் பெயிண்ட்?” என்று கேட்கிறார்கள். “எத்தனை நாள் வேண்டும்?” என்று கேட்பவர் இன்னும் அபூர்வம்.

உயிர்ப்படிவு பற்றி ஐஎம்ஓ 2011-ல் வெளியிட்டு 2023-ல் திருத்திய வழிகாட்டுதல்கள் தன்விருப்பமானவை. அவற்றைக் கட்டாயச் சட்டமாக்கும் பணியைத் தொடங்க 2025-ல் முடிவெடுத்திருக்கிறார்கள். அதை எழுதப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கப்பலில் இப்போதே உயிர்ப்படிவுப் பதிவேடு ஒன்று வைக்கச் சொல்கிறீர்கள். அதில் பெயிண்ட்டின் பெயர், அடித்த தேதி எல்லாம் வருகின்றன. அதோடு டாக்கில் ஒவ்வொரு பூச்சு அடித்தபோதும் இருந்த ஈரப்பதம், இரும்பின் வெப்பம், பூச்சுகளுக்கு இடையே கொடுத்த நேரம், கட்டைகள் இருந்த இடம் இவற்றையும் கட்டாயமாக எழுதச் சொல்லுங்கள். கப்பலை வாடகைக்கு எடுப்பவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அந்தப் பக்கங்களைப் பார்க்கும் உரிமையையும் கொடுங்கள். இந்தக் குறிப்புகளைப் புதிதாகத் தயாரிக்க வேண்டியதில்லை. எந்த இன்ஸ்பெக்டரின் கோப்பைத் திறந்தாலும் இருக்கும்.